ஓனர் எடுத்த பாலிசியில் என் கருவிகளும் அடங்குமா?

கேட்டவர் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். கட்டடத்தின் உரிமையாளர் இந்த வேலைக்கென்று ஒரு ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி எடுத்திருக்கிறார், அதில் கான்ட்ராக்டர் என்று இவர் பெயரும் இருக்கிறது. சைட்டில் பூட்டி வைக்கிற கலவை மிஷின், ரோட்டரி ஹேமர், கட்டிங் மிஷின், வெல்டிங் செட், லேசர் லெவல் எல்லாம் களவு போனால் அந்த பாலிசி பணம் கொடுக்குமா, இல்லை தனியாக ஒன்று எடுக்க வேண்டுமா, எடுத்தால் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். பாலிசியோடு வரும் அட்டவணையில் கட்டுமான உபகரணம், கட்டுமான இயந்திரம் என்று தனி வரிகள் இருக்கும். அவற்றுக்கு எதிரே ஒரு தொகை எழுதியிருந்தால் ஒழிய உங்கள் கருவிகளுக்கு அதில் ஒன்றும் கிடையாது. அந்த இடம் காலியாகவோ கோடு போட்டோ இருந்தால், ஓனர் பிரீமியம் கட்டியது கட்டுகிற வேலைக்கும் அதற்கு வந்து இறங்கும் பொருள்களுக்கும்தான். பல பாலிசிகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் உங்கள் மிஷினுக்கு ஓனர் ஏன் பிரீமியம் கட்டப் போகிறார்?

இந்த வகை பாலிசி எதற்காக வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். 1929-ல் லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் லாம்பெத் பாலம் கட்டுவதற்காகப் போடப்பட்டதைத்தான் முதல் ‘ஆல் ரிஸ்க்’ கட்டுமானப் பாலிசி என்பார்கள். பாதியில் நிற்கும் ஒரு பாலத்துக்கு வெள்ளமோ தீயோ வந்தால் போட்ட பணம் திரும்ப வர வேண்டும், கவலை அதுதான். இன்று பல நாடுகளில் புழங்குகிற பாலிசி வாசகம் ஜெர்மனியின் மியூனிக் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் வகுத்த மாதிரியை ஒட்டியது. அதிலும் மையம் வேலைதான். கருவிகள் வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளும் ஒரு பகுதி. எல்லா ஆபத்துக்கும் என்று பெயர் இருந்தாலும், விலக்குப் பட்டியலில் இல்லாத எல்லாவற்றுக்கும் என்று படிக்க வேண்டும். ஆகவே முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேராக விலக்குகளுக்குப் போங்கள், நீங்கள் வாங்குவது என்ன என்பது அங்கேதான் எழுதியிருக்கிறது.

அதற்காக உங்கள் பெயர் அதில் இருப்பது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஆள் கவனக்குறைவாக வெல்டிங் செய்து போட்ட வேலை எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காப்பீட்டு நிறுவனம் ஓனருக்குப் பணம் கொடுத்துவிட்டு, சேதத்துக்குக் காரணமானவரிடம் அதைத் திரும்ப வசூலிக்கக் கிளம்பும், அந்த உரிமை அதற்கு உண்டு. ஆனால் அதே பாலிசியில் நீங்களும் காப்பீடு பெற்றவர் என்றால் பொதுவாக உங்கள் மேல் அப்படி வர முடியாது. உங்களுக்குக் கீழே பிளம்பிங், எலக்ட்ரிக்கல் எடுத்துச் செய்கிற சப்-கான்ட்ராக்டர்களும் இதில் அடங்குகிறார்களா என்று கேளுங்கள். ‘அனைத்து நிலை சப்-கான்ட்ராக்டர்களும்’ என்று எழுதியிருந்தால் நல்லது.

சரி, கருவிகளுக்கு வருவோம். அட்டவணையில் தொகை போட்டு உங்கள் மிஷின்களைச் சேர்த்தே விட்டார்கள் என்று வையுங்கள். அப்போதும் மூன்று இடத்தில் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள்.

ஒன்று, மிஷின் உள்ளுக்குள் பழுதானால் கிடையாது. மோட்டார் புகைந்தது, பேரிங் உடைந்தது, ஆயில் இல்லாமல் இன்ஜின் இறுகிவிட்டது, இதெல்லாம் எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் பழுது என்ற விலக்கில் போய்விடும். சாரம் சரிந்து மிஷின் மேல் விழுந்தால் உண்டு, மிஷின் தானாக நின்றுபோனால் இல்லை. தேய்மானம், துரு, வேலை இல்லாமல் கிடந்து கெட்டுப்போனது, இவையும் இல்லை.

இரண்டு, பொருள்களை எண்ணிப் பார்க்கும்போதுதான் குறைவது தெரிந்தது என்றால் கிடையாது. இதைப் பலர் படித்ததே இல்லை, ஆனால் கருவி கிளைம்களை அதிகம் சாய்ப்பது இதுதான் என்பது என் கணிப்பு. மாதக் கடைசியில் கணக்கெடுத்தோம், ரெண்டு டிரில் மிஷின் குறைகிறது, எப்போது போனது என்று தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் கடிதமே உங்கள் கிளைமை மூடிவிடும். களவு என்றால் ஒரு நிகழ்வு இருக்க வேண்டும், அதாவது நேற்று மாலை பூட்டும்போது இருந்தது, இன்று காலை பூட்டு உடைந்திருந்தது என்று சொல்ல முடிய வேண்டும். அதனால்தான் தினமும் மாலையில் ஸ்டோரில் வைக்கும்போது ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது அலுப்பான வேலையாகத் தெரிந்தாலும் விடாமல் செய்யச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் பணத்தில் அதிகம் கடிப்பது. இந்தப் பாலிசிகளில் இயந்திரங்களுக்கான காப்பீட்டுத் தொகையை, அதே வகை, அதே திறனுள்ள புது இயந்திரம் இன்று வாங்கினால் என்ன விலையோ அந்த விலைக்குப் போட வேண்டும். நீங்கள் எட்டு வருஷத்துக்கு முன்பு வாங்கிய விலைக்கோ, இப்போது விற்றால் கிடைக்கும் விலைக்கோ போட்டால் அது குறைக் காப்பீடு. புது விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் போட்டது 60. சேதம் 20. உங்களுக்குக் கிடைப்பது 20 அல்ல, 100-க்கு 60 என்ற விகிதத்தில் 12, அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை கழியும். கொஞ்சம்தானே சேதம், போட்ட தொகைக்குள்தானே வருகிறது என்று வாதாடிப் பயனில்லை, கணக்கு அப்படித்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழுதுபார்க்கக் கூடிய சேதம் என்றால் பழுதுபார்க்கும் செலவு கிடைக்கும். முழுக்கப் போய்விட்டால் மட்டும், புது விலைக்குப் பிரீமியம் கட்டியிருந்தாலும், சேதத்துக்கு ஒரு நிமிஷம் முன்பு அந்தப் பழைய மிஷினுக்கு என்ன மதிப்போ அதுதான் கிடைக்கும். இது எனக்கு நியாயமாகப் படவில்லை, கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். ஆனால் வழக்கமான வாசகம் இதுதான், தெரிந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். பழையதற்குப் புதியது கொடுக்கும் பாலிசிகள் உண்டு, பெரும்பாலும் வாங்கிச் சில வருஷங்களுக்குள் இருக்கும் கருவிகளுக்கு மட்டும். கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்காவிட்டால் தேய்மானம் கழித்துத்தான் வரும்.

அப்படியானால் தனியாக எடுப்பது எது? பெரிய இயந்திரங்களுக்கு ‘கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்டு மெஷினரி’ என்று ஒரு வருஷ பாலிசி பல நாடுகளில் உண்டு, ஒரு சைட்டோடு கட்டிப்போடாமல் போகிற இடமெல்லாம் கூட வரும். கையில் தூக்கிக்கொண்டு போகும் கருவிகளுக்குத் தனிக் கருவிப் பாலிசி இருக்கிறது. அமெரிக்காவில் இதை ‘இன்லேண்ட் மரைன்’ என்ற பிரிவில் விற்கிறார்கள், கடலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை, தேடும்போது குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வேறு சில இடங்களில் பொறுப்புக் காப்பீட்டோடு, அதாவது உங்களால் பிறருக்கு வரும் சேதத்துக்கான காப்பீட்டோடு சேர்த்து ஒரு சின்னப் பகுதியாகத் தருவார்கள்.

கருவிப் பாலிசியில் விலையைவிட நிபந்தனைகளைப் பாருங்கள். ராத்திரி கருவி எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. வண்டியில் விட்டுவிட்டுப் போனதற்குக் கிடையாது என்று சில பாலிசிகள் ஒரே வரியில் முடித்துவிடும். சிலவற்றில் வண்டி பூட்டியிருந்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் இருந்து, பூட்டிய வளாகத்துக்குள் நின்றிருந்தால் உண்டு. சைட் ஸ்டோருக்கும் அதேபோல்: பலவந்தமாக உடைத்து நுழைந்ததற்கான அடையாளம் வேண்டும் என்று இருக்கும். பகலில் வேலை நடக்கும்போதே யாரோ ஒருவர் கிரைண்டரைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டால் உடைத்த அடையாளம் எங்கிருந்து வரும்? கட்டட வேலையில் கருவி காணாமல் போவது இப்படியும்தான் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஆள் நடமாட்டத்தில் நடக்கும் திருட்டு, சொந்த ஆட்களே எடுப்பது இவை அடங்குமா என்று தெளிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், வந்தாலும் பரவாயில்லை, அந்த ஆபத்து நம் தலையில் என்று தெரிந்து ஸ்டோர் சாவியை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.

எக்ஸஸ் தொகையைக் கவனியுங்கள். ஒரு நிகழ்வுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். ஒரே ஒரு டிரில் போனால் அதன் விலையே எக்ஸஸுக்குள் அடங்கிப் போகும். ஸ்டோரே காலியானால்தான் பாலிசிக்கு வேலை வரும். ஆகவே சுத்தியல், கரண்டி, மட்டக்கோல் வரைக்கும் பட்டியல் போட்டுப் பிரீமியம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. போனால் மறுநாளே வாங்க முடிகிறவற்றை விட்டுவிடுங்கள். போனால் வேலை நிற்கும் என்பவற்றைப் பெயர், மாடல், சீரியல் நம்பரோடு தனித்தனியாக எழுதுங்கள். பெயர் எழுதாமல் மொத்தமாக ஒரு தொகைக்குப் போட்டால் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்று ஒரு உள் வரம்பு இருக்கும், விலை கூடிய லேசர் லெவலும், அளவெடுக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியும் அதில்தான் அடிபடும். ஆட்கள் தங்கள் சொந்தக் கருவிகளைக் கொண்டு வருகிறார்களா? அவை உங்கள் பாலிசியில் தானாகச் சேராது.

வாடகைக்கு எடுக்கும் இயந்திரம் தனிக் கதை, என்னைக் கேட்டால் சொந்தக் கருவிகளைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்தால், மிஷின் உங்கள் கையில் இருக்கும் வரை யார் தவறானாலும் சேதத்துக்கு நீங்களே பொறுப்பு என்று இருக்கும், அதோடு பழுது சரியாகும் வரை வாடகையும் ஓடிக்கொண்டே இருக்கும் என்று இருக்கும். உங்கள் பொறுப்புக் காப்பீடு இதற்கு வராது, ஏனென்றால் உங்கள் பராமரிப்பில், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பிறர் பொருள் அதில் விலக்கு. சொந்த மிஷின் பாலிசியும் வராது, அது உங்கள் சொத்து இல்லையே. வாடகை இயந்திரத்துக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டும், மிஷினின் மதிப்புக்கும் தொடரும் வாடகைக்கும் இரண்டுக்கும். கிரேன் என்றால் இன்னொன்றும்: கிரேனுக்குக் காப்பீடு இருக்கிறது என்றால் அது தூக்கும் பொருளுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சாலையில் ஓட்ட உரிமம் பெற்ற வண்டிகள் எதுவும் இந்தக் கட்டுமானப் பாலிசிகளில் வராது, அவற்றுக்கு மோட்டார் பாலிசி. மண் தோண்டும் இயந்திரம் சாலையில் போகும்போது வண்டி, சைட்டில் தோண்டும்போது கருவி. இரண்டு பாலிசிக்கும் நடுவில் அது விழுந்துவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கருவியைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கையில் பணம் குறைவாக இருந்து ஏதாவது ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் கருவிப் பாலிசியைத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஆட்களுக்கான காப்பீடு, அடுத்து மூன்றாம் நபர் பொறுப்பு. கருவி மொத்தமும் போனாலும் அதன் விலைக்கு மேல் நஷ்டம் போகாது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால், அல்லது மேலிருந்து விழுந்த செங்கல் தெருவில் போகிறவர் மேல் பட்டால் அதற்கு உச்சவரம்பே கிடையாது, அதைவிட ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். ஓனரின் பாலிசியில் இரண்டாவது பகுதியாக மூன்றாம் நபர் பொறுப்பு இருக்கும், ஆனால் சைட்டில் வேலை செய்யும் ஆட்கள் மூன்றாம் நபர் கணக்கில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக வேண்டும், பல நாடுகளில் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. சப்-கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு அவர் எடுத்திருக்கிறாரா என்று பேப்பரைக் கையில் வாங்கிப் பாருங்கள். அவரிடம் இல்லையென்றால் பல இடங்களில் அந்தப் பொறுப்பு சட்டப்படியே உங்களிடம் வந்து சேரும்.

மூன்றாம் நபர் பகுதியில் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் முக்கியமானது. அடித்தளம் தோண்டும்போது அதிர்வாலோ, தாங்கிக்கொண்டிருந்த மண்ணை எடுத்ததாலோ பக்கத்துக் கட்டடத்துக்கு வரும் சேதம் அடிப்படைப் பாலிசியில் விலக்கு. தனி எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவு, வாங்கினால்தான் உண்டு. அதை வாங்கினாலும் இடிவது அல்லது ஓரளவு இடிவதற்குத்தான், கட்டடத்தின் உறுதியைப் பாதிக்காத மேலோட்டமான விரிசலுக்கு இல்லை. வேலை தொடங்கும் முன்பே பக்கத்துக் கட்டடத்தின் நிலையைப் படத்தோடு பதிவு செய்திருக்கவும் வேண்டும். நிலத்தடிக் கேபிள், குழாய் என்றாலும் அப்படித்தான், தோண்டும் முன்பு அவை எங்கே போகின்றன என்று உரிய துறையிடம் விசாரித்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இவற்றோடு உயர வரம்பு, ஆழ வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், இத்தனை மீட்டருக்கு மேல் வேலை செய்தால் செல்லாது என்று ஒரு ஓரத்தில் எழுதியிருப்பார்கள். வெல்டிங், கேஸ் கட்டிங் போன்ற தீ சார்ந்த வேலைகளுக்குத் தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும், வேலை முடிந்து அரை மணி அல்லது ஒரு மணி நேரம் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று இருக்கும். அதை மீறினால் கிளைம் போய்விடும் என்பது இருக்கட்டும், தீ பெரும்பாலும் எல்லோரும் சாப்பிடப் போன பிறகுதான் பிடிக்கும்.

மோசமாகச் செய்த வேலையைத் திருத்துவதற்குப் பொதுவாகப் பாலிசியில் பணம் கிடையாது, தாமத அபராதத்துக்கும் கிடையாது. வழக்கமான வாசகத்தில், சரியில்லாத சென்ட்ரிங்கால் ஒரு தளம் இறங்கினால், குறையுள்ள பகுதியை மறுபடி செய்யும் செலவு உங்களுடையது, அது விழுந்து நொறுக்கிய ஒழுங்கான பகுதிகளுக்குக் கிளைம் உண்டு. வடிவமைப்பே தவறு என்றால் அதுவும் அடிப்படையில் இல்லை, கூடுதலாக வாங்கினால்தான்.

கிளைம் என்று வரும்போது சர்வேயர், அதாவது காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சேத மதிப்பீட்டாளர், கேட்பது பில், சீரியல் நம்பர், படம், போலீஸ் புகார், ஸ்டோர் பதிவேடு. பில் இல்லாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை நம் தொழிலில் நிறைய இருக்கும், அவற்றுக்கு விற்றவரிடமிருந்து ஒரு கைச்சீட்டும் பணம் போனதற்கான பதிவும் இப்போதே வாங்கி வையுங்கள். ஒவ்வொரு மிஷினையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து, போனிலேயே வைத்திருக்காமல் உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், திருட்டில் போனும் சேர்ந்து போவது நடக்கிறது. களவு தெரிந்ததும் முதலில் போலீஸ், உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல், அப்புறம் எழுத்தில். மியூனிக் ரீ மாதிரியில் எழுத்துபூர்வத் தகவலுக்கு 14 நாள் கெடு இருக்கிறது, உங்களுடையதில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம். சேதமான மிஷினை சர்வேயர் பார்க்கும் முன்பு பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், அதன் மிச்ச மதிப்பும் கணக்கில் வருகிறது.

இப்போது செய்ய வேண்டியது: ஓனரிடம் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் முழு பாலிசியையும் அட்டவணையோடும் எண்டார்ஸ்மெண்ட்களோடும் கேளுங்கள். அட்டவணையில் உபகரண வரியைப் பாருங்கள். காலி என்றால், உங்கள் மிஷின்களையும் அதில் சேர்க்க எவ்வளவு கூடுதல் பிரீமியம் என்று கேட்டு அதை நீங்கள் கட்டலாம், வேலை ஒரே சைட்டில் நீண்ட காலம் ஓடும் என்றால் இது தோதுப்படும். வருஷத்தில் பல சைட் மாறுகிறீர்கள் என்றால் தனிப் பாலிசிதான் சரி. ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பி விடாமல் வண்டியில் வைத்தால் உண்டா, வாடகை மிஷின் உண்டா, தேய்மானம் கழிப்பீர்களா என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அட்டவணையிலேயே முடிவுத் தேதியும் இருக்கும். வேலை இழுத்துக்கொண்டு போகும் என்று தெரிந்தால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு வாங்கச் சொல்லுங்கள், தாண்டிப் போனபின் பழைய தேதி போட்டுப் பொதுவாகத் தர மாட்டார்கள். பணம் வராமல் வேலையை நிறுத்தி வைக்கிறீர்கள் என்றாலும் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள், வேலை நின்றிருக்கும்போது அதனால் வரும் சேதம் பொது விலக்குகளில் ஒன்று. அந்தக் காலத்தில் கருவிகளை சைட்டில் விட்டு வைக்காதீர்கள்.